இன்போர்டா, ஸ்டெர்ன் டிரைவா? படகு சும்மா நிற்கும் நாட்களை வைத்து முடிவெடுங்கள்

எத்தனை குதிரைத்திறன், டீசலா பெட்ரோலா, எவ்வளவு வேகம் போகும்? குரூஸர், அதாவது உள்ளே தங்கிப் பயணம் போகும் மோட்டார் படகு, வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. ஓட்டாத நாட்களில் படகு எங்கே இருக்கும்? தண்ணீரிலேயே கட்டிக் கிடக்குமா, டிரெய்லரில் ஏறிக் கரைக்கு வந்துவிடுமா? தண்ணீரில்தான் என்றால் உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா?

ஒரு குரூஸர் ஓடுகிற நேரத்தைவிடச் சும்மா நிற்கிற நேரம் பல மடங்கு அதிகம். ஓடும்போது மிச்சமாகும் எரிபொருள் ஒரு கணக்கு. நிற்கும்போது அரித்துப்போகும் உலோகமும் வெடித்துப்போகும் ரப்பரும் இன்னொரு கணக்கு. முதல் கணக்கை மட்டும் போட்டு வாங்கியவர்கள்தான் பிறகு என் பட்டறைக்கு அடிக்கடி வருகிறார்கள். படகு எஞ்சின் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் அவர்கள் வருவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் வாங்கும் முன்னே கேட்டிருக்கலாம்.

முதலில் ஒரு விஷயம். இன்போர்டு, ஸ்டெர்ன் டிரைவ் இரண்டில் எதை எடுத்தாலும் எஞ்சின் பெரும்பாலும் ஒன்றேதான். அதே வி-8 பெட்ரோல் பிளாக், அதே ஆறு சிலிண்டர் டீசல் இரண்டிலும் வரும். வித்தியாசம் எஞ்சினின் முனையில் சுற்றும் கனமான சக்கரத்துக்கு, அதாவது ஃப்ளைவீலுக்கு, பின்னால்தான் ஆரம்பிக்கிறது.

இன்போர்டில் எஞ்சினோடு கியர்பாக்ஸ் இருக்கும். அதிலிருந்து ஒரு நேரான ஷாஃப்ட் சாய்வாக இறங்கி, படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதன் நுனியில் ப்ரொப்பெல்லர், அதற்குப் பின்னால் சுக்கான். எஞ்சினைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து, ஷாஃப்ட்டை அதற்கு அடியிலேயே மடக்கி அனுப்பினால் அது வி-டிரைவ். உள்ளே இடம் மிச்சம், கையை நுழைத்து வேலை பார்ப்பது கஷ்டம்.

ஸ்டெர்ன் டிரைவில் எஞ்சின் படகின் பின்சுவரை, அதாவது டிரான்சமை, ஒட்டி உட்கார்ந்திருக்கும். சக்தி அந்தச் சுவரில் உள்ள பெரிய துளை வழியாக யுனிவர்சல் ஜாயின்ட் மூலம் வெளியே போய், கியர்களில் இரண்டு முறை 90 பாகை திரும்பி ப்ரொப்பெல்லருக்கு வரும். வெளியே தொங்கும் அந்தக் கால் முழுவதும் இடம் வலமாகத் திரும்பும், மேலே கீழே சாயும். தனியாகச் சுக்கான் கிடையாது. வோல்வோ பென்டா 1959-இல் அக்வாமேட்டிக் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1961-இல் மெர்குரூஸர் வந்தது. அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான்.

ஓடும்போது ஸ்டெர்ன் டிரைவுக்குத்தான் வெற்றி, அதில் சண்டையே இல்லை. ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் உங்கள் படகுக்கு அந்த வெற்றி கிடைக்குமா என்று தெரியும். இன்போர்டு ஷாஃப்ட் 10 முதல் 15 பாகை வரை சாய்ந்திருப்பது சாதாரணம். தள்ளும் விசையில் ஒரு பகுதி அமரத்தை, அதாவது படகின் பின்பகுதியை, மேலே தூக்குவதில் வீணாகும் என்பார்கள். கணக்குப் போட்டால், 12 பாகையில் அந்த இழப்பு சுமார் 2 சதவீதம்தான். பெரிய இழப்பு வேறிடத்தில். சாய்ந்த ப்ரொப்பெல்லரின் இலைகளுக்கு ஒரு பக்கம் பாரம் அதிகம், மறுபக்கம் குறைவு. அதோடு ஷாஃப்ட், அதைத் தாங்கும் ஸ்ட்ரட், சுக்கான் மூன்றும் எப்போதும் தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும். ஸ்டெர்ன் டிரைவில் இந்தத் தொங்கல்கள் எதுவும் இல்லை. கியர் இரண்டு முறை திரும்புவதில் கொஞ்சம் சக்தி போகும்தான், ஆனாலும் லாபமே மிஞ்சும். மேலும் ட்ரிம் பட்டனை அழுத்திக் காலின் கோணத்தை மாற்றி அணியத்தை, அதாவது படகின் முன்பகுதியை, தூக்கலாம், இறக்கலாம். எதிர் அலையில் இறக்கி, பின்னலையில் தூக்கி ஓட்டும் சுகத்தை ஒருமுறை பார்த்தவர் விடமாட்டார். ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றும் இரட்டை ப்ரொப்பெல்லரை வோல்வோ பென்டா 1982-இல் டியோப்ராப் என்று கொண்டுவந்த பிறகு, கனமான படகுகளுக்கும் இந்த ஏற்பாடு நன்றாகவே பொருந்திவிட்டது.

இந்த லாபமெல்லாம் படகு தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் வேகத்தில்தான். மெதுவாகத் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் படகில் கதை வேறு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்கள். 36 அடிக்கு 8 நாட், அதாவது மணிக்கு 8 கடல் மைல், வரும். எழும்பாத வகைப் படகு அந்த வேகத்தைத் தாண்டினால் எரிபொருள் கொட்டும், வேகம் வராது. மீன்பிடிப் படகு போன்ற ட்ராலர் பாணியில் 7 நாட் வேகத்தில் நிதானமாகப் போய், இரவு தங்கி, மறுநாள் கிளம்புவதுதான் உங்கள் ஆசை என்றால் ஸ்டெர்ன் டிரைவின் வேக லாபத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை முழுக்க நஷ்டம். பெரிய ப்ரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றும் டீசல் இன்போர்டுதான் அதற்குச் சரி.

சரி, இப்போது நிற்கும் நாட்களுக்கு வருவோம்.

ஸ்டெர்ன் டிரைவின் கால் அலுமினியம். உப்புத் தண்ணீரில் அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ப்ரொப்பெல்லரும் ஒன்றாக நின்றால் அது ஒரு பேட்டரி, தேய்வது அலுமினியம். அதைக் காப்பாற்றத்தான், அதற்குப் பதிலாகத் தாமே கரையும் அனோடு கட்டிகள் இருக்கின்றன. உப்புத் தண்ணீரில் துத்தநாகம் அல்லது அலுமினிய அனோடு, நல்ல தண்ணீரில் மக்னீசியம், இரண்டும் கலந்த கழிமுகத்தில் அலுமினியம். துத்தநாகத்தை நல்ல தண்ணீரில் போட்டால் மேலே ஒரு படலம் படிந்து வேலை செய்யாமல் நின்றுவிடும். பார்க்கப் புதுசு போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. தேயாத அனோடைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட்டை அந்தக் காலில் பூசவே கூடாது. அலுமினியத்துக்கென்று செம்பில்லாத பெயின்ட் தனியாகக் கிடைக்கிறது. ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், கரை மின்சாரத்தைச் செருகி வைப்பவராக இருந்தால் அந்த வயர் வழியே வரும் அரிப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் கட்டாயம். இல்லாவிட்டால் பக்கத்துப் படகுகளையும் உங்கள் அனோடுதான் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

"காலைத் தூக்கி வைத்துவிட்டால் தண்ணீர் படாதே?" என்பார்கள். வெளியே தொங்கும் தனி எஞ்சினான அவுட்போர்டு என்றால் சரி. ஸ்டெர்ன் டிரைவில் எவ்வளவு தூக்கினாலும் டிரான்சமை ஒட்டிய பகுதியும் காலின் ஒரு பங்கும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். தூக்கி வைப்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு.

அதற்குப் பெல்லோஸைப் பற்றித் தெரிய வேண்டும். டிரான்சமுக்கும் காலுக்கும் நடுவே, யுனிவர்சல் ஜாயின்ட்டைச் சுற்றி, ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாய் இருக்கும். வெளியே கடல், உள்ளே உங்கள் எஞ்சின் அறை. நடுவில் அந்த ரப்பர் மட்டும்தான். கால் தூக்கியே நின்றால் மடிப்புகள் இழுபட்ட நிலையிலேயே கிடக்கும். கீழ்ப் பக்கம் விரிந்து, மேல் பக்கம் நசுங்கி, நாளடைவில் வெடிக்கும். விரிந்த மடிப்புகளுக்குள் கொட்டலசு என்ற, ஒட்டிக்கொள்ளும் ஓடுடைய கடலுயிரி குடியேறும். பிறகு ஒரு நாள் டிரைவின் காலைக் கீழே இறக்கும்போது அந்த மடிப்பு மூடும். உள்ளே இருக்கும் கொட்டலசு ஓட்டின் விளிம்பு ரப்பரைக் குத்தும். ஊசி முனை அளவு ஓட்டை போதும். தண்ணீர் உள்ளே போய் யுனிவர்சல் ஜாயின்ட்டின் கிரீஸைக் கழுவி, அப்புறம் அங்கே சுற்றும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பின்னாலிருந்து 'கர்ர்' என்று ஓர் உறுமல் வந்தால் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கிழிசல் பெரிதானால் பேரிங்கோடு நிற்காது, படகே கட்டிய இடத்தில் மூழ்கும்.

இதைப் பார்க்கும் விதம் எளிது. படகு கரையில் இருக்கும்போது காலை முழுக்கத் தூக்கி, முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் ஒடித்து வையுங்கள். டார்ச் அடித்துக்கொண்டு ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்து, பள்ளத்தின் அடியைப் பாருங்கள். மேட்டில் தெரியும் வெடிப்பு வயசைத்தான் சொல்லும். பள்ளத்தில் இருக்கும் வெடிப்புதான் தண்ணீரை விடும். வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை, சில வருடங்களுக்கு ஒருமுறை கேள்வியே கேட்காமல் புது பெல்லோஸ். கால அளவைத் தயாரிப்பாளர் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 'இன்னும் நல்லாத்தானே இருக்கு' என்ற பேச்சு இந்த ரப்பரிடம் எடுபடாது. பெல்லோஸை மாற்ற டிரைவின் காலையே கழற்ற வேண்டும், அதற்குப் படகு கரையேற வேண்டும். கழற்றிய கையோடு அலைன்மென்ட் பார் என்ற நீண்ட இரும்புத் தண்டை பேரிங் வழியாக நுழைத்து எஞ்சினின் நேரையும் பார்த்துவிட வேண்டும். தண்டு தடையின்றிப் போய் வந்தால் சரி. முட்டினால் எஞ்சின் மவுன்ட்டைத் திருத்தாமல் காலை மாட்டக் கூடாது.

ஆக, டிரெய்லரில் ஏறி வீட்டுக்கு வரும் படகுக்கு இந்தக் கவலைகளில் முக்கால்வாசி இல்லை. வருடம் முழுக்க உப்புத் தண்ணீரில் மிதக்கும் படகுக்கு அத்தனையும் உண்டு. நான் முதல் கேள்வியாக அதைக் கேட்பதன் காரணம் இதுதான்.

இன்போர்டுக்குப் பராமரிப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ஸ்டஃபிங் பாக்ஸ் இருக்கும். எண்ணெயில் ஊறிய கயிற்றை வளையமாக வைத்து நட்டால் இறுக்கியிருப்பார்கள். பழைய வகையில் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும், அந்தச் சொட்டுதான் அதைக் குளிர வைக்கிறது. சொட்டே இல்லாமல் இறுக்கினால் ஷாஃப்ட் தேயும். ஓடி முடித்து, எஞ்சினை நிறுத்திய பிறகு தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் நட்டைத் தளர்த்த வேண்டும். நிற்கும்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால் கயிற்றை மாற்றும் நேரம் வந்துவிட்டது. சொட்டாத நவீன சீல்களும் உண்டு. அவற்றிலும் ரப்பர் இருக்கிறது, அதற்கும் ஆயுள் உண்டு. இரண்டு வகையிலும் ஹோஸ் கிளாம்ப்கள் நல்ல ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்க வேண்டும்.

ஷாஃப்ட்டின் நேர் இன்னொரு வேலை. கியர்பாக்ஸும் ஷாஃப்ட்டும் சேரும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை மேலே, கீழே, இடம், வலம் என நான்கு இடத்திலும் நுழைத்துப் பார்க்க வேண்டும். கப்ளிங்கின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது பட்டறை வழக்கு. 4 அங்குலக் கப்ளிங் என்றால் 0.004 அங்குலம், சுமார் 0.1 மில்லிமீட்டர். இதைப் படகு தண்ணீரில் இறங்கி ஒரு நாளாவது ஆன பிறகு செய்யுங்கள். கரையில் தாங்குகட்டைகள்மேல் உட்காரும் படகின் உடல் வளைவு வேறு, மிதக்கும்போது வேறு. கரையிலேயே அளந்து கொடுத்த படகுகள் அதிர்வோடு திரும்பி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் இந்த வேலைகளில் பெரும்பாலானவை படகுக்குள்ளேயே, கண் முன்னாலேயே நடப்பவை. கெட்டுப்போகும் முன் சொட்டியோ அதிர்ந்தோ சொல்லிவிடும். வெளியே இருப்பது வெண்கலம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஸ்ட்ரட்டுக்குள் ஒரு ரப்பர் கட்லஸ் பேரிங். அனோடு ஒழுங்காக இருந்தால் உப்புத் தண்ணீரில் வருடக்கணக்கில் கிடக்கும்.

ஜெட்டியில் கட்டும்போது? ஒற்றை இன்போர்டு ஓட்டுபவருக்கு ரிவர்ஸில் சுக்கான் கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் சுற்றும் ப்ரொப்பெல்லர் ரிவர்ஸில் அமரத்தை இடப்பக்கம் இழுக்கும். பழகியவர் இதையே உதவியாக வைத்து இடப்பக்கத்தை ஜெட்டியோடு அணைப்பார். புதியவர் பக்கத்துப் படகைத்தான் அணைப்பார். ஸ்டெர்ன் டிரைவில் தள்ளும் திசையே திரும்புவதால் ரிவர்ஸிலும் பேச்சைக் கேட்கும். ஆனால் கியரில் இல்லாதபோது திருப்ப முடியாது. மெதுவான வேகத்தில் மூக்கு இங்கும் அங்கும் அலையும். இரட்டை இன்போர்டு தனி ரகம். இரண்டு ப்ரொப்பெல்லருக்கும் நடுவே நல்ல இடைவெளி இருப்பதால் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் போட்டால் நின்ற இடத்திலேயே படகு திரும்பும். இரட்டை எஞ்சின் வாங்கும் வசதி இருந்து, நெருக்கடியான இடத்தில் கட்ட வேண்டியிருந்தால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆழமில்லாத தண்ணீருக்கும் வலைக்கயிறு மிதக்கும் தண்ணீருக்கும் ஸ்டெர்ன் டிரைவ். காலைத் தூக்கி, பின்னாலிருந்தே கயிற்றை அறுத்துவிடலாம். இன்போர்டில் கத்தியோடு தண்ணீருக்குள் இறங்க வேண்டும். படகின் அடியில் நீளமாக ஓடும் கீலுக்குப் பின்னால் ப்ரொப்பெல்லர் மறைந்திருக்கும் ட்ராலர் வகை மட்டும் இதற்கு விதிவிலக்கு.

இட வசதியில் 30 அடிக்குக் குறைந்த படகில் ஸ்டெர்ன் டிரைவோடு போட்டி போட முடியாது. எஞ்சின் பின்னால் ஒதுங்கிவிடுவதால் நடுவில் ஒரு முழுப் படுக்கை அறை கிடைக்கும். ஆனால் மொத்தக் கனமும் அமரத்தில். இன்போர்டில் எஞ்சின் நடுவில் இருப்பதால் படகு சமமாக உட்காரும், சத்தம்தான் காலடியிலேயே இருக்கும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்டெர்ன் டிரைவின் ப்ரொப்பெல்லர் நீச்சல் மேடைக்குக் கீழே, நீந்துபவரின் கால் எட்டும் தூரத்தில். யாராவது தண்ணீரில் இருந்தால் நியூட்ரல் போதாது, எஞ்சினையே நிறுத்துங்கள். இன்போர்டில் ப்ரொப்பெல்லர் உள்ளே தள்ளி இருக்கும், அப்போதும் இதே விதிதான். எஞ்சின் புகையில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு எந்த வகைப் படகின் பின்னாலும் தங்கும். பெட்ரோல் எஞ்சின் என்றால் ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் அறையின் ஆவியை வெளியேற்றும் விசிறி, ப்ளோவர், 4 நிமிடம் ஓட வேண்டும், எது வாங்கினாலும்.

பழைய படகு பார்க்கப் போகிறீர்களா? ஸ்டெர்ன் டிரைவ் என்றால் ஓர் இரவு ஓடாமல் நின்ற காலின் அடியில் கியர் ஆயில் வடிக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும், ஆயிலுக்கு முன் அதுதான் வரும். ஓட்டி முடித்த உடனே பார்த்தால் ஆயில் பால் போல வெளுத்திருக்கும். இரண்டில் எது தெரிந்தாலும் சீல் போயிருக்கிறது. காலைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள், 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால் காலைத் தாங்கித் திருப்பும் கிம்பல் ரிங் தேய்ந்திருக்கிறது. டிரான்சமைச் சுற்றிப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள். கணீர் என்ற சத்தம் மந்தமாகும் இடத்தில் உள்ளே பிளைவுட் ஊறிப் போயிருக்கலாம். அந்த ஓட்டையைச் சுற்றிய மரம் போனால் எஞ்சினை எடுத்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியும். அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

இன்போர்டு என்றால் ப்ரொப்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஷாஃப்ட் கட்லஸ் பேரிங்குக்குள் தெளிவாக ஆடினால் மாற்ற வேண்டும். அது பெரிய செலவில்லை, ஆனால் ஏன் தேய்ந்தது, நேர் சரியில்லையா என்று கேளுங்கள். வெண்கலத்தில் இளஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தால் அரிப்பு உள்ளே இறங்கியிருக்கிறது.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 28 அடி வரை, டிரெய்லரில் ஏறும் படகு, அல்லது நல்ல தண்ணீர் ஏரியில் கட்டும் படகு: ஸ்டெர்ன் டிரைவ், யோசிக்கவே வேண்டாம். 38 அடிக்கு மேல், தண்ணீரிலேயே இருக்கும் படகு: இன்போர்டு. ஸ்டெர்ன் டிரைவில் வரும் டீசல்கள் பெரும்பாலும் 400 சொச்சம் குதிரைத்திறனோடு நின்றுவிடும், அந்தக் கனத்துக்கு அது காணாது. நடுவில் இருப்பவைதான் வம்பு. அங்கே உப்புத் தண்ணீரில் வருடம் முழுக்க மிதக்கும் என்றால் நான் இன்போர்டு பக்கம் சாய்வேன், கொஞ்சம் எரிபொருள் கூடினாலும். வருடா வருடம் கரையேற்றி, பெல்லோஸ், அனோடு, கியர் ஆயில் மூன்றையும் தவறாமல் பார்ப்பேன் என்று உறுதியாகச் சொல்பவர், 25 நாட் வேகத்தில் தூரப் பயணம் போகிறவர் என்றால் ஸ்டெர்ன் டிரைவ் வாங்கட்டும்.

ஒரு பெரியவர் 32 அடியில் இரண்டு படகுகளைப் பார்த்து வைத்துவிட்டு, "தம்பி, ஒரே வார்த்தையில் சொல்லு, எது?" என்றார். "ஐயா, உங்கள் ஜெட்டிக்குப் பக்கத்தில் காலைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் இருக்கிறாரா?" என்று கேட்டேன். இல்லை என்றார். இன்போர்டு வாங்கினார்.

வெள்ளோட்டத்தில் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். முழு வேகத்தில் எஞ்சின் தன் தயாரிப்பாளர் சொன்ன ஆர்.பி.எம். எல்லையைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாவிட்டால் ப்ரொப்பெல்லரின் பிட்ச் (இலைகளின் முறுக்கு) அதிகம், அல்லது அடியில் பாசி. ஸ்டெர்ன் டிரைவை இருபக்கமும் முழுக்க ஒடித்து உறுமலைக் கேளுங்கள். இன்போர்டில் தரை ஹேட்சைத் திறந்து, சுற்றும் ஷாஃப்ட்டிலிருந்து விலகி நின்று, ஸ்டஃபிங் பாக்ஸில் விழும் சொட்டை எண்ணுங்கள். கடைசியாக, விற்பவரைச் சற்று நகரச் சொல்லிவிட்டு, நீங்களே ரிவர்ஸில் ஜெட்டிக்குக் கொண்டுவந்து கட்டிப் பாருங்கள்.